டிஸ்கஸ் மீன் வளரும் செடித் தொட்டிக்கு என்ன வாங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிஸ்கஸ் என்பது சூடான நீர் கேட்கும், தட்டை உடம்புள்ள அலங்கார மீன். அதைச் செடிகளோடு ஒரே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொட்டியின் அளவே இல்லை. ‘பெரிய டேங்க்’ என்று எழுதினால் நான் என்ன சொல்வது? நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்குங்கள். லிட்டர் தெரிந்துவிடும். அந்த எண் இல்லாமல் ஃபில்டரும் சொல்ல முடியாது, ஹீட்டரும் சொல்ல முடியாது.

வீட்டில் 3 அடி தொட்டி இருக்கிறது. செடியும் வைத்து ஆறு டிஸ்கஸ் விடலாமா? (மதுரை)

வேண்டாம். செடி, மண், கட்டை எல்லாம் போனால் உங்கள் தொட்டியில் மிஞ்சுவது 150 லிட்டர்தான். நாலு அடிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 250 லிட்டர், ஆறு மீன். இதற்குக் கீழே இறங்காதீர்கள். நிறைந்த தொட்டி ஸ்டாண்டோடு 350 கிலோ வரும். ஸ்டாண்டை மட்டம் பார்த்து, அடியில் தெர்மோகோல் போட்ட பிறகு தண்ணீர் நிரப்புங்கள்.

250 லிட்டர் தொட்டி. மணிக்கு 1,000 லிட்டர் என்று போட்ட கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா ஃபில்டர்) போதுமா? (சேலம்)

போதாது. டப்பாவில் போட்டிருப்பது உள்ளே ஸ்பான்ஜும் செராமிக் ரிங்கும் இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு. தொட்டிக்குக் கீழே வைத்து, அந்த ஸ்பான்ஜையும் ரிங்கையும் நிரப்பி, ஒரு மாத அழுக்கும் சேர்ந்தால் பாதிதான் வரும். டிஸ்கஸ் நிறையத் தின்னும், நிறையக் கழியும். மாட்டு இதயக் கலவையைத் தீனியாகப் போடுகிறவர் என்றால் இன்னும் மோசம். ஆயிரம் லிட்டர் கேனிஸ்டர் இரண்டு வாங்கி இரண்டு மூலையிலும் வையுங்கள். ஒன்றைக் கழுவும்போது இன்னொன்றில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா உயிரோடு இருக்கும். உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பான்ஜ் மாட்டினால் கேனிஸ்டரை அடிக்கடி திறக்க வேண்டியிருக்காது. தட்டை உடம்புள்ள மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்காது. ஸ்ப்ரே பாரை, அதாவது நீர் திரும்பி வரும் துளைக் குழாயை, பின் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

சென்னை வெயிலுக்கு ஹீட்டரே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டும் என்றால் 250 லிட்டருக்கு 300 வாட் ஒன்று போதுமா? (வேளச்சேரி)

இரண்டுமே தவறு. இந்த இரண்டு தவறாலும் மீன் சாவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

முதலில் சென்னை. மே மாதத்தை வைத்துச் சொல்லும் பேச்சு அது. மார்கழி, தையில் இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. ஏசி அறை என்றால் எல்லா மாதமும் மார்கழிதான். தொட்டி நீர் 25-க்கு வந்துவிட்டால் டிஸ்கஸ் தீனியை விடும், நிறம் கறுக்கும், மூலையில் போய் ஒதுங்கும். செடித் தொட்டியில் 28 முதல் 29 டிகிரி வரை நிலையாக இருக்க வேண்டும். பகலில் 30, விடியற்காலையில் 26 என்ற ஊசலாட்டம்தான் மீனை நோயாளியாக்குகிறது.

அடுத்தது அந்த 300 வாட். ஹீட்டர் கெட்டால் அணைந்து போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல ஹீட்டர்கள் எரிந்தபடியேதான் கெடுகின்றன. தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அணைக்க ஆளில்லை. 250 லிட்டர் நீரை 300 வாட் மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாக்கும். காற்றில் போகும் சூட்டைக் கழித்தாலும் ஒரே இரவில் 34, 35 ஆகிவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டு மறுநாள் காலை வந்தேன். தண்ணீர் 35 டிகிரி. மூன்று வருடம் கையில் வைத்து வளர்த்த ஐந்து மீன்களும் மண்ணில் சாய்ந்து கிடந்தன. வாங்கிய இடத்தில் கேட்டதற்கு வாரன்டியில் வேறு ஹீட்டர் தருகிறோம் என்றார்கள். மீனுக்கு யார் வாரன்டி தருவது?

ஆகவே 100 வாட் ஹீட்டர் இரண்டு. ஒன்று எரிந்தபடி ஒட்டிக்கொண்டாலும் குளிர்கால இரவில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றாது. ஒன்று அணைந்தே போனாலும் மற்றது காலைவரை தாங்கும். இரண்டையும் தனி டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வழியாகக் கொடுங்கள். ஹீட்டரில் 29 வையுங்கள், கன்ட்ரோலரில் 30 வையுங்கள். ஹீட்டர் தவறினால் கன்ட்ரோலர் கரண்ட்டை நிறுத்தும். மீனின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், உள்ளே ஒன்று போடுங்கள்.

தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டரின் ப்ளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் மாற்றுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே கழற்ற வேண்டும். சூடான கண்ணாடி ஹீட்டர் நீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும். வீட்டில் இ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் ஹீட்டருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

ஊட்டியில் இதே அளவு தொட்டிக்கு? (உதகமண்டலம்)

200 வாட் இரண்டு. பின்புறமும் பக்கவாட்டிலும் தெர்மோகோல் ஒட்டுங்கள், மேலே கண்ணாடி மூடி போடுங்கள். மூடி இல்லாவிட்டால் எத்தனை வாட் போட்டாலும் சூடு மேலே போய்விடும்.

லைட் எத்தனை வாட் போடலாம்?

அளவு இல்லை, ஊர் இல்லை, என்ன செடி என்றும் இல்லை. வாட்டை விடுங்கள். 6,500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) எல்.இ.டி., டைமரில் ஆறு அல்லது ஏழு மணி நேரம், தொட்டியில் மீன் ஒதுங்க ஒரு நிழல் மூலை. மற்றதை அளவோடு எழுதிக் கேளுங்கள்.

செடி வளர, சர்க்கரை, ஈஸ்ட் பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு தயாரிக்கலாமா? சிலிண்டர் செலவு அதிகம். (திருப்பூர்)

டிஸ்கஸ் தொட்டியில் அந்தப் பாட்டில் வேண்டாம். இரவில் அதை நிறுத்த முடியாது. செடிகளும் இருட்டில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். ஆக, குறைவாக இருப்பதிலும் பங்கு போகிறது. விடியும்போது மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

செலவுதான் தடை என்றால் அந்த வாயுவைத் தனியாகக் கொடுக்காமலே வளரும் செடிகளை வையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வென்டி, வேரடியில் உர மாத்திரையோடு அமேசான் ஸ்வார்ட். நான்கும் 29 டிகிரியைத் தாங்கும். சிவப்புச் செடிகளும் தரைவிரிப்புப் புல்லும் படத்தில் அழகாக இருக்கும். அவை கேட்கும் குளிர்ச்சி வேறு, டிஸ்கஸ் கேட்கும் சூடு வேறு.

பிறகு சிலிண்டர் வாங்கினால் சோலினாய்டு வால்வு (கரண்ட்டில் திறந்து மூடும் வால்வு) உள்ள ரெகுலேட்டராகப் பாருங்கள். லைட் எரிய ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, லைட்டோடு நிற்க வேண்டும். வாயுவின் அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் நீலம் கலந்த பச்சையாக இருக்கட்டும், மஞ்சளாக விடாதீர்கள். 15 முதல் 20 பி.பி.எம். (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) போதும். இரவில் ஏர் பம்ப் ஓடட்டும்.

புதிய சாயில் (செடிக்கான சத்து மண்) போட்டு இரண்டு நாள் ஆகிறது. மீன் விடலாமா? (கொளத்தூர்)

கூடாது. புதிய சாயில் மீனுக்கு விஷமான அம்மோனியாவை விடும். நாலைந்து வாரம் ஃபில்டரை ஓட்டுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் தொடர்ந்து காட்டிய பிறகு விடுங்கள்.

போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 1,200. அபார்ட்மென்ட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் சரியா? (அண்ணா நகர்)

சரியில்லை. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும், டி.டி.எஸ். குறையாது, செடிக்கும் கேடு. ஆர்.ஓ. வாங்குங்கள். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் சின்ன மெஷின் போதாது என்றால் தனி மெம்ப்ரேனும் (உப்பை வடிக்கும் சவ்வு) 200 லிட்டர் டிரம்மும் தேவை. ஆர்.ஓ. நீரை மட்டும் விட்டால் கார்பனேட் இல்லாமல் பி.எச். சரிந்துவிடும். சாஃப்ட்னருக்கு முந்தைய போர் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. ஆறு பங்கு கலந்தால் டி.டி.எஸ். 200 அளவில் நிற்கும். பண்ணையில் பிறந்த மீனுக்கு அது தாராளம்.

தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். எவ்வளவு பெரியது வேண்டும்? (நாகர்கோவில்)

ஹீட்டரை யு.பி.எஸ்.ஸில் போடாதீர்கள். 250 லிட்டர் நீர் மூன்று மணி நேரத்தில் பெரிதாக ஆறாது. அவசரம் ஆக்சிஜனுக்குத்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அதோடு இணைத்த ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றும் தொட்டியின் மூலையில் எப்போதும் இருக்கட்டும்.

கேனிஸ்டரில் கவனம் வேண்டும். அது மூடிய டப்பா. ஓட்டம் நின்று சில மணி நேரமானால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், நீர் கெட்டுப்போகும். கரண்ட் வந்ததும் அந்த நீர் அப்படியே மீனின் மேல் கொட்டும். ஆகவே மோட்டாருக்குத் தனி சுவிட்ச் வையுங்கள், கரண்ட் போனதும் அணைத்துவிடுங்கள். நீண்ட நேரம் கழித்து வந்தால், வெளிக்குழாயை ஒரு வாளியில் விட்டு முதல் பத்து லிட்டரைக் கொட்டிவிட்டுப் பிறகு தொட்டியில் மாட்டுங்கள். குழாயைத் தொடும் முன் ஹீட்டரின் ப்ளக்கைக் கழற்றுங்கள்.