நட்சத்திர ஆமைக்கு 'பேமிட்' எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். தரம் 10 படிக்கும் என் மகன் அன்றாடம் காண்பதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பான். குளக்கட்டு, மாடுகள், பட்டம், பெடியன்கள் ஆடும் கிளித்தட்டு என்று போனில் எடுக்கும் படங்களையும் அதில் ஒட்டுவான். இரண்டு கிழமைக்கு முன் வளவுக்குப் பின்னால் ஒரு நட்சத்திர ஆமையைக் கண்டெடுத்து பேசினுக்குள் வைத்திருக்கிறான். படத்தை பேஸ்புக்கில் போட்டதும் ஒருவர் அழைத்தார். ஆமை வளர்க்க பேமிட், அதாவது அனுமதிப் பத்திரம், வேண்டுமாம். காசு தந்தால் எடுத்துத் தருவாராம், இல்லாவிட்டால் ஆமையைத் தானே வாங்கிக்கொள்வாராம். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், ஆமையையும் கொடுக்காதீர்கள். காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கத் தரகர் மூலம் எடுக்கும் பேமிட் என்று ஒன்று கிடையாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் இந்த ஆமையைப் பாதுகாக்கின்றன. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். சட்டத்தின் உட்பிரிவுகளை நீங்கள் படித்து விளங்கத் தேவையில்லை, இவ்வளவும் போதும்.

இந்த ஆட்கள் எப்படி வேலை பார்ப்பார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள். முதலில் 'பேமிட்' என்று கொஞ்சக் காசு கேட்பார்கள். சில நாளில் "ஐயாமார் சோதனைக்கு வருகினம், உங்கட பெடியனுக்கு வழக்கு வரும், ஆமையை என்னட்டத் தாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று பயமுறுத்துவார்கள். நீங்களும் ஆளை விட்டால் போதும் என்று தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள். காசும் அவருக்கு, ஆமையும் அவருக்கு. வெளிநாட்டில் இந்த ஆமையைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் மோகம் பெரிது. சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிக்குள் நட்சத்திர ஆமைகள் பிடிபட்ட செய்தியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காட்டு உயிர்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கு 2019இல் இதை ஏற்றினார்கள். காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே கூடாது என்பது அதன் பொருள். அப்புறமும் வியாபாரம் நிற்கவில்லை. தரகர் அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்துவிடுகிறார். அரச பக்கம் போனால் எந்தப் பிரிவு, எந்த மேசை என்று விசாரிக்கவே பாதி நாள் போய்விடும். வன்னியில் எத்தனை கிராமத்தில் இந்த ஆமையைப் பற்றித் தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை கண்டிருக்கிறீர்கள்? பிறகு சனத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

சரி, ஆமைக்கு வருவோம். உங்கள் மகன் கண்டெடுத்த இடம் சரியாகத் தெரியும், ஆமை ஓடியாடித் திரிகிறது, வீட்டில் வேறு ஆமை எதுவும் கூட வைக்கவில்லை என்றால், வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்களிடம் நேரில் போவதற்குத் தயக்கமாக இருந்தால் கிராம சேவையாளரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தானாகப் போய்ச் சொல்வதற்கும் தரகரோடு சேர்ந்து பிடிபடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் விடச் சொன்னால், எடுத்த அதே பற்றையடியில் காலை வெயில் ஏறுமுன் விடுங்கள். தூரக் காட்டுக்குக் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று நினைக்க வேண்டாம்.

குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்! கோயில் கிணற்றிலும் வேண்டாம். இது தரை ஆமை, ஆழத் தண்ணீரில் தாண்டுபோகும். ஆமை என்றால் தண்ணீர் என்று நினைத்து நல்ல மனதோடு கொல்பவர்கள் நிறையப் பேர். ராஜஸ்தான், குஜராத் பாலைவன ஓரங்களில் வாழும் அதே இனம்தான் எங்கள் வரண்ட பற்றைக்காட்டிலும் வாழ்கிறது. புல்லும் இலையும் விழுந்த பழமும்தான் சாப்பாடு. பேசினுக்குள் சோறும் பாணும் போட்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வெயிலும் கல்சியமும் இல்லாமல் அப்படியே வளர்ந்தால் ஓடு கோணிப்போகும். தொட்ட கையை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சல்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

கையில் எடுத்து வைத்திருக்க நியாயம் உள்ள ஒரே நிலைமை, காயம். உழவு இயந்திரம் ஏறி ஓடு வெடித்தது, பற்றை எரித்த நெருப்பில் அகப்பட்டது போன்றவை. அப்போது கிடந்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் சுத்தமான துணி விரித்து வைத்து மூடுங்கள். வெடிப்பில் மஞ்சளோ சாம்பலோ பூச வேண்டாம், பசை போட்டு ஒட்டவே வேண்டாம். உள்ளே அழுக்கு அடைபட்டுப் புழு வைக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். இலையான் மொய்க்காமல் பார்த்துக்கொண்டு உடனே 1992க்கு அழையுங்கள். யாரோடு, எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். பிறகு "நீங்கள் ஏன் வைத்திருந்தீர்கள்" என்று ஒருவர் கேட்டால் காட்ட அந்தத் துண்டுதான் இருக்கும். ஆனால் நல்ல ஆமையைக் காயம் என்று சொல்லி மாதக் கணக்கில் வைத்திருப்பதும் நடக்கிறது. ஓட்டில் பழைய கீறல் இருந்தால் அது காயமாகாது.

மகனின் கொப்பியை நிறுத்தாதீர்கள். பேஸ்புக் படத்தை மட்டும் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். இனிமேல் படம் போட்டாலும் ஊர்ப் பெயரோ, பின்னால் குளக்கட்டோ கோயிலோ தெரியக் கூடாது. போன் கமராவில் இடத்தைப் பதியும் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடத் தகவல் கழன்றுவிடும், டொக்கியுமென்டாக அனுப்பினால் கூடவே போகும். இது பலருக்குத் தெரியாது. ஆமையைத் தூக்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். பயத்தில் சிறுநீரை விட்டுவிடும், கோடையில் அது சேர்த்து வைத்த தண்ணீர். நிலத்தோடு போனைத் தாழ்த்திப் பிடித்தால் ஓட்டின் கோலம் நன்றாக விழும். ஆணா பெண்ணா என்று பின்னாலிருந்தே பார்க்கலாம். ஆணுக்கு வால் நீளம், பெண் உருவத்தில் பெரிது. மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் எந்தப் படத்துக்காகவும் போகக் கூடாது.

அழைத்த ஆளின் இலக்கத்தை அழித்துவிடாதீர்கள். அவர் அனுப்பிய செய்திகளையும் வைத்திருந்து, 1992க்குப் பேசும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.