நுண்ணிசைவு வெறும் ரசனையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய துகள் கோட்பாடுகளுக்கு ‘நுண்ணிசைவு’ (fine-tuning: எண்கள் மிகத் துல்லியமாகப் பொருந்தினால்தான் கோட்பாடு பலிக்கும் என்ற நிலை) ஒரு பெரும் சிக்கல் என்று, பிற அடிப்படைத் துகள்களின் நிறையோடு தொடர்புடைய துகளான ஹிக்ஸ் போசானைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இரண்டு மாபெரும் எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஒரு சிறிய எண் எஞ்சுவதில் என்ன சிக்கல்? அந்த இரண்டையும் எவரும் தனித்தனியே அளப்பதில்லை. சூரியனும் நிலவும் வானில் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகின்றன. அதற்காக யாரும் புதிய இயற்கை விதியைத் தேடவில்லை. இயற்பியலாளர்கள் தங்கள் ரசனையை இயற்கையின் மீது ஏற்றிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வாதத்தில் பாதி எனக்கும் உடன்பாடே. அடிப்படைத் துகள்களை விவரிக்கும் இன்றைய கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலை மட்டும் எடுத்துக்கொண்டால், ஹிக்ஸின் நிறை அதில் கணக்கிட்டுப் பெறப்படுவதில்லை. 2012-இல் செர்ன் ஆய்வகத்தில் அத்துகள் கண்டறியப்பட்ட பின், ஏறத்தாழ 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைக் குறிக்கும் அலகு) என்று அளந்து நாம் கோட்பாட்டுக்குள் இட்ட எண் அது. பிற துகள்களோடு வினைபுரிவதால் அந்நிறையில் சேரும் குவாண்டம் திருத்தங்கள் எவ்வளவு பெரிதாக வந்தாலும் அவற்றைத் தொடக்க மதிப்போடு சேர்த்துக் கட்டிவிடலாம்; கணக்கீட்டு முறையை மாற்றினால் அந்தப் பெரிய எண்கள் எழாமலே போவதும் உண்டு.

சிக்கல் தொடங்குவது, அதற்கு அப்பால் இன்னொரு கோட்பாடு இருப்பதாகச் சொல்லும்போதுதான். மிகுந்த நிறை கொண்ட துகள் ஒன்று உண்மையிலேயே இருந்து, அது ஹிக்ஸோடு வினைபுரியுமானால், ஹிக்ஸ் நிறையின் இருமடிக்கு அது தரும் திருத்தம் அத்துகளின் சொந்த நிறையின் இருமடிக்கு ஏற்ப வளரும். அந்த நிறையும் வினைவலிமையும் கொள்கையளவில் அளக்கத்தக்கவை என்பதால், இத்திருத்தத்தை எந்தக் கணக்கீட்டு முறையாலும் மறைக்க முடியாது. ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் முக்கியமாகும் பிளாங்க் அளவில், அதாவது 10-இன் 19-ஆம் அடுக்கு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, அப்படிப்பட்ட துகள்கள் இருக்குமானால், 125 என்ற விடை எஞ்சுவதற்கு ஏறத்தாழ முப்பது இலக்கங்கள் பிசகின்றிக் கழிய வேண்டும். எலக்ட்ரானுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நிறையைச் சுழியாக்கினால் ஒரு கூடுதல் சீர்மை (symmetry) தோன்றுவதால், திருத்தங்கள் அனைத்தும் அந்த நிறைக்கே விகிதத்தில் அமைந்து சிறிதாக நின்றுவிடுகின்றன. ஹிக்ஸுக்கு ஸ்டாண்டர்ட் மாடலில் அத்தகைய காவல் ஏதும் இல்லை. எனவே, ஹிக்ஸின் நிறையை விளக்க முன்வரும் ஒவ்வொரு கோட்பாடும் விடை சொல்லியாக வேண்டிய கேள்வியாகவே நுண்ணிசைவை நான் பார்க்கிறேன்.

இத்தகைய தர்க்கம் பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு. நடுநிலைக் கேயான்கள் எனப்படும் மின்னூட்டமற்ற துகள்கள் இரண்டின் நிறை வேறுபாடு மிகச் சிறிதாக இருப்பதிலிருந்து, அதுவரை காணப்படாத சார்ம் குவார்க் என்ற அடிப்படைத் துகளின் நிறை ஏறத்தாழ 1.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்க வேண்டும் என்று மேரி கெய்லார்டும் பெஞ்சமின் லீயும் 1974-இல் கணித்தார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே சார்ம் குவார்க்கைக் கொண்ட துகள் கண்டறியப்பட்டது. ஆனால் இதே தர்க்கத்தை வெற்றிடத்தின் ஆற்றலுக்குப் பொருத்தினால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவிலேயே புதிய இயற்பியல் தலைகாட்டியிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்த தொலைவுகளிலும் ஈர்ப்பு விதி சோதிக்கப்பட்டுவிட்டது; எதுவும் தென்படவில்லை.

சூரியன், நிலவு பற்றி நீங்கள் சொன்னதில் பொருத்தத்தின் துல்லியத்தையும் பார்க்க வேண்டும். நிலவின் தோற்ற அளவே அதன் சுற்றுப்பாதையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மாறுகிறது. சில கிரகணங்கள் வளையமாக அமைவது அதனால்தான். அந்த அளவிலான தற்செயலுக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. முப்பது இலக்கத் தற்செயலை அப்படி விட்டுவிட என்னால் முடியவில்லை. இரண்டுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் ரசனை நுழைகிறது, அங்கே உங்கள் குற்றச்சாட்டு முழுவதும் செல்லும். கோட்பாட்டின் ஓர் எண்ணைச் சிறிது மாற்றினால் வலுக்குறை விசையைக் கடத்தும் துகளான இசட் போசானின் நிறை எத்தனை மடங்கு கூடுதலாக மாறுகிறது என்பதை நுண்ணிசைவின் அளவாக 1988-இல் இயற்பியலாளர்கள் பார்பியேரியும் ஜூடிச்சேயும் முன்வைத்தபோது, அது பத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்தப் பத்து எந்தச் சமன்பாட்டிலிருந்தும் வந்ததன்று. இதை நிகழ்தகவு என்று சொல்வதும் பொருந்தாது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம்.

ஹிக்ஸின் நிறைக்குக் காவல் தர முன்வந்தது மீச்சீர்மைக் கோட்பாடு (supersymmetry); அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு துணைத்துகள் உண்டு என்கிறது அது. அது கணித்த குளுவினோ என்ற துணைத்துகள், கோட்பாட்டின் பல வடிவங்களில், 2000 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை செர்னின் துகள் மோதுவியான எல்எச்சியின் மோதல்களில் அகப்படவில்லை. துணைத்துகள்களின் நிறை பத்து மடங்கானால் தேவைப்படும் நுண்ணிசைவு நூறு மடங்காகும் என்பதால், அதன் எளிய வடிவங்கள் இன்று நூற்றில் ஒன்று, அல்லது அதைவிட அரிய பொருத்தத்தைக் கேட்கின்றன. இது சங்கடமான நிலைதான். ஆனால் இதை மட்டும் காட்டி அக்கோட்பாடு பொய்த்தது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2004-இல் அர்க்கானி-ஹமேதும் டிமோபூலோஸும் நுண்ணிசைவை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டு மீச்சீர்மையின் ஒரு வடிவத்தை அமைத்தார்கள். அதில் குளுவினோ நீண்ட ஆயுள் கொண்டதாகி, சிதையுமுன் உணர்கருவிக்குள் நெடுந்தொலைவு செல்லவோ அங்கேயே நின்றுவிடவோ கூடும். அப்படி நின்று பின்னர் சிதையும் துகள்களை எல்எச்சியில் தனியே தேடியும் பார்த்திருக்கிறார்கள்.