குறைந்த விலை வீடியோ கேமராவில் 4கே (ஏறக்குறைய 4,000 புள்ளி அகலமுள்ள படம்) இருக்கும்போது, இரு மடங்கு விலைக்கு வெறும் 1080 (1,080 வரி உயரமுள்ள படம்) கேமராவை ஏன் வாங்குகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு 2011 நவம்பர் 3 நல்ல உதாரணம். அன்று ஒரே நாளில் கேனான் சி300, ரெட் ஸ்கார்லெட்-எக்ஸ் என்ற இரண்டு வீடியோ கேமராக்களையும் அறிவித்தார்கள். சி300-இன் பட்டியல் விலை 20,000 டாலர்; பதிவு 1080 மட்டும், அதுவும் 8 பிட், அதாவது நிற நுணுக்கம் குறைவு. ஸ்கார்லெட் 4கே ரா (சென்சார் கண்டதைப் பதப்படுத்தாமல் பதியும் முறை). உடல் (லென்ஸும் துணைக்கருவிகளும் இல்லாத கேமரா) மட்டும் ஏறக்குறைய 10,000 டாலர். காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனாலும் ஆவணப்படக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் சி300-ஐத்தான் தேடிப்போனார்கள்.

காரணம், அதை எடுத்தவுடன் வேலை பார்க்கலாம். அதிக வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது, தொழில்முறை மைக்கை நேராகச் செருக எக்ஸ்எல்ஆர் துளை இருக்கிறது, இருட்டிலும் படம் தெளிவு. நொடிக்கு 50 மெகாபிட் அளவுள்ள சிறிய கோப்பு சாதாரண சிஎஃப் மெமரி கார்டில் அடங்கிவிடும். ஸ்கார்லெட்டுக்கோ திரை, பதிவுக்கான எஸ்எஸ்டி வட்டு, பேட்டரி என்று தனித்தனியாக வாங்கவேண்டும்.

அப்புறம் 2012-இல் பிளாக்மேஜிக் நிறுவனம் 2,995 டாலருக்கு 2.5கே ரா கேமராவை அறிவித்து, படத்தின் நிறத்தைச் சீராக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தது. அடுத்த ஆண்டே விலை 1,995. ஆனால் பேட்டரியைக் கழற்ற முடியாது, எக்ஸ்எல்ஆர் கிடையாது. 256 ஜிபி எஸ்எஸ்டி ராவில் அரை மணி நேரம் சொச்சத்தில் நிரம்பிவிடும்.

எனவே விலையை ஒப்பிடும்போது உடலை மட்டும் பார்க்காதீர்கள். என்டி, ஒலி, கார்டு, பேட்டரி எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். நாள் முழுக்கத் தனியாளாகப் படம்பிடிப்பவர் என்றால், நான் ரெசல்யூஷனைவிட உள்ளமைந்த என்டியைத்தான் முதலில் கேட்பேன்.