அத்தை மகளை மணந்த ரோமானியர்

கேள்வி: வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை அழித்த ரோமானியத் தளபதி சிப்பியோ எமிலியானஸ், ஏழைகளுக்கு நிலம் கேட்டுப் போராடிய கிராக்கஸ் சகோதரர்களுக்கு என்ன உறவு? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. எமிலியானஸைப் பெற்ற தகப்பன் எமிலியஸ் பவுலஸ். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபலை வென்ற மூத்த சிப்பியோவின் மகன் இவரைத் தத்தெடுத்தார். அந்த மகனுடன் பிறந்தவள் கொர்னேலியா. அவள் பெற்றது 12 பிள்ளைகள், தங்கியது மூன்றுதான்: கிராக்கஸ் சகோதரர்களான டைபீரியஸ், கையஸ், அவர்களுடன் பிறந்த செம்ப்ரோனியா. செம்ப்ரோனியாவைத்தான் எமிலியானஸ் மணந்தார். நம் கணக்கில் அத்தை மகள்! அப்படியானால் கிராக்கஸ்கள் இருவரும் மைத்துனர்கள்.

சரி, உறவு காப்பாற்றியதா? கி.மு. 133-இல் டைபீரியஸை ரோமிலேயே அடித்துக் கொன்றார்கள். ஸ்பெயினில் நுமாந்தியா முற்றுகையில் இருந்த எமிலியானஸ், ‘இப்படிச் செய்பவன் இப்படியே அழியட்டும்’ என்ற ஹோமர் வரியைச் சொன்னாராம். ஊரில் உடன்பிறந்தவனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த செம்ப்ரோனியாவை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.