பெட்டி மேல் ‘இன்னோவேட்டிவ்’ என்று போட்டிருந்தால்?

கேள்வி: தரை துடைக்கும் மாப் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் மூன்று இடத்தில் ‘இன்னோவேட்டிவ்’ என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால், பழைய மாப்புக்கும் இதற்கும் பிடியின் நிறம்தான் வித்தியாசம். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? பொய் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் ‘நோவுஸ்’ என்றால் புதிய என்று பொருள். அந்த வேரிலிருந்து வந்த சொல்தான் இது. ஆனால் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. நேற்று தயாரான மாப் ‘நியூ’. இந்த வருட மாடல் ‘லேட்டஸ்ட்’. ஒரு வேலையைச் செய்ய இதுவரை இல்லாத வழியைக் கொண்டுவந்து, அதனால் பயனும் இருந்தால்தான் ‘இன்னோவேட்டிவ்’. பொருள், ஆள், யோசனை, நிறுவனம் என எதற்கும் இந்த அடைமொழி பொருந்தும்.

தமிழில் ‘புதுமையான’ என்று எழுதுகிறோம். பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் தளர்வான சொல். ‘நவீன’ என்றால் காலத்துக்கேற்றது, அது வேறு. ‘நூதன’ நெருங்கி வரும். என்ன செய்வது, ‘நூதன முறையில் திருட்டு’ என்று செய்தித்தாள்கள் அதைத் திருடர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டன. சொல்லப்போனால் அந்தத் திருடர்கள் உங்கள் மாப்பைவிட இன்னோவேட்டிவ்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் சக்கரம் வைத்த சூட்கேஸ். சக்கரம் பல்லாயிரம் ஆண்டுப் பழசு, பெட்டியும் பழசு. இரண்டையும் சேர்த்து, வாரால் இழுத்துப்போகும் பெட்டிக்கு பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1972-இல்தான். அதிலும் பெட்டி படுக்கைவாட்டில் நான்கு சக்கரத்தில் ஆடிக்கொண்டே வரும். 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி அதை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். தனியாக எடுத்தால் ஒரு பாகமும் புதிதில்லை. ஆனால் தோள்வலி போயிற்று. அதுதான் இன்னோவேட்டிவ். உங்கள் மாப்பில் என்ன வலி போயிற்று?

சரி, பணத்துக்கு வருவோம். அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. ‘அற்புதமான’, ‘இணையற்ற’ போல இதையும் விற்பவரின் புகழ்ச்சியாகத்தான் சட்டம் பார்க்கும். அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி என்றால் கதை வேறு. 1891-இல் இங்கிலாந்தில் ‘கார்பாலிக் ஸ்மோக் பால்’ என்றொரு மூக்கில் உறிஞ்சும் மருந்துக்கு விளம்பரம் வந்தது: தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் உபயோகித்தும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம். அதற்காக வங்கியில் 1000 பவுண்டு போட்டிருப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். கார்லில் என்ற பெண்மணி சொன்னபடியே உபயோகித்தார், காய்ச்சல் வந்துவிட்டது. ‘அதெல்லாம் சும்மா விளம்பரம்’ என்றது கம்பெனி. வங்கியில் பணம் போட்டவர்கள் சும்மா சொல்லியிருக்க முடியாது என்று 1892-இல் நீதிமன்றம் அவருக்கே பணம் கொடுக்கச் சொன்னது.

ஆகவே பெட்டியை மறுபடி எடுத்துப் படியுங்கள். ‘ஒரே பிழியலில் சொட்டாது’, ‘துணியை 300 முறை துவைக்கலாம்’ என்பதுபோல் ஏதாவது இருக்கிறதா? இருந்து, அது பொய்த்தால், பெட்டியைப் படம் பிடித்து, பில்லோடு கேளுங்கள். இல்லையென்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லிக் கொடுத்துவிடுவதே சுலபம்.

கேள்வி: ‘ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்’ என்பதும் இதே பொருள்தானா?

பதில்: விளம்பரத்தில் ‘இன்றைய தேதியில் உச்சம்’ என்ற பொருளில் போடுகிறார்கள். காப்புரிமைச் சட்டத்தில் அதே சொற்றொடருக்கு, விண்ணப்பிக்கும் முன்பே உலகத்துக்குத் தெரிந்துபோனவை எல்லாம் என்று பொருள். அதில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குக் காப்புரிமை கிடைக்காது.