குடியை அவர் விட்டுவிட்டார், எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறோம். தக்காளி டெம்போ ஓட்டும் என் கணவர், சிகிச்சை எடுத்துக் குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் அவர் ராயக்கோட்டை மண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலைந்து தடவை போன் பண்ணிவிடுகிறேன். வந்ததும் வாயை மோந்து பார்க்கிறேன். ஏடிஎம் கார்டும் என்னிடம்தான். "இதுக்குக் குடிக்கிறப்பவே நிம்மதியா இருந்தேன்" என்கிறார். அவருக்குத் தெரியாமல் ரசத்தில் மாத்திரை கலந்து கொடு, திரும்பக் குடிக்க மாட்டார் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. செய்யலாமா?

பதில்: மாத்திரையை முதலில் முடித்துவிடுவோம். கூடவே கூடாது. அக்கா சொல்வது பெரும்பாலும் டைசல்பிராமாக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, படபடப்பு ஏறி, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அவர் சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

இனி உங்களுக்கு வருகிறேன். வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணித்து, பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஓனருக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொன்னதும், கடன்காரரிடம் தவணை கேட்டு நின்றதும் நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள். அன்றைக்கு அந்தக் காவல்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது. குடி நின்ற பிறகும் காவல் நிற்கவில்லை, அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தே உங்கள் நாள் விடிகிறது. இதைக் கோடிபென்டன்சி, அதாவது சார்புறவு என்பார்கள். அமெரிக்கக் குடிமீட்பு மையங்களிலிருந்து பரவிய சொல் இது, நோயின் பெயர் அல்ல. மனைவியைக் குற்றவாளி ஆக்க இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

இன்னொன்றும் நடக்கும். இத்தனை வருஷம் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்று எல்லாம் நீங்களே முடிவெடுத்தீர்கள். தெளிந்த மனிதர் இப்போது தன் பங்கைக் கேட்கிறார். குடியை விட்ட வீட்டில் சண்டை கூடுவது இதனால்தான்.

எங்கிருந்து தொடங்குவது? மோந்து பார்ப்பதை முதலில் விடுங்கள். மனிதரை அதிகம் கூசவைப்பது அதுதான். அதற்குப் பதில், சரக்கு இறக்கியதும் அவரே ஒரு தடவை போன் செய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டாம். முதல் வாரம் உங்களுக்குத்தான் கை நடுங்கும். "எங்கே இருக்கீங்க, யாரோட இருக்கீங்க" என்று விசாரிப்பதை விட, "லேட்டானா பழைய ஞாபகம் வந்து பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். டீசல் காசு, டீக் காசு அவர் கையில் இருக்கட்டும். கார்டைப் பிறகு, கடன் கணக்கை இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுக்கலாம். அவசரமில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லும் ஆலோசகர்கள் மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

"நீ சந்தேகப்பட்டா திரும்பக் குடிப்பேன்" என்று அவர் சொன்னால் மட்டும் அதை ஏற்காதீர்கள். குடிப்பதும் குடிக்காததும் அவர் பொறுப்பு. உங்கள் முகம் கோணியதால் யாரும் குடிப்பதில்லை.

உங்கள் தூக்கத்துக்கும் வைத்தியம் வேண்டும், அது அவருடைய சிகிச்சையின் வால் அல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் உங்கள் பெயரிலேயே சீட்டு போடுங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு அவர் போகிறார் என்றால், அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

ஒருவேளை வழுக்கினால் என்ன செய்வது என்பதை, அவர் தெளிவாக இருக்கும் இப்போதே பேசி வையுங்கள்: எந்த மருத்துவருக்குப் போன், யார் கூட்டிப் போவது என்று. மறுபடி தினமும் குடிக்கும் நிலைக்குப் போய்விட்டால் வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், வலிப்பு வரும் ஆபத்து உண்டு. ஆஸ்பத்திரியில்தான் நிறுத்த வேண்டும். கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். ஓனருக்கு மட்டும் இந்தத் தடவை நீங்கள் போன் செய்யாதீர்கள், அவரே பேசட்டும்.