பழைய கார் வாங்கும்போது மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: 1960களில் வந்த ஆறு சிலிண்டர் செடான் ஒன்று வாங்கப் போகிறேன். ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் கைக்கு எட்டுகிற நிலையில் இருக்கின்றன. ஒன்று நான்கு கியர் மேனுவல், இன்னொன்று மூன்று கியர் ஆட்டோமேட்டிக். பழைய கார் என்றாலே மேனுவல்தான் என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்:

நானாக இருந்தால், அந்த ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகும் ஒழுங்காக மாறுகிறது என்றால் அதைத்தான் எடுப்பேன். சூட்டில் வழுக்கினால் மேனுவல். நீங்கள் கேட்டது சின்ன எஞ்சின் உள்ள இரண்டு இருக்கை வண்டியாக இருந்திருந்தால் என் பதில் அப்படியே மாறியிருக்கும். பழைய வண்டியில் கியர் பெட்டியைத் தனியாக வைத்து யோசிக்கக் கூடாது. அந்த எஞ்சினுக்கும் அந்த எடைக்கும் எது ஒத்துப்போகிறது, எந்தப் பெட்டி இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் கேள்வி.

முதலில் உங்கள் நண்பர்கள் சொல்வது. அது பாதிதான் சரி. ஓல்ட்ஸ்மொபைல் தன் 1940 மாடல் கார்களிலேயே ஹைட்ரா-மாட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கொடுத்தது. 1953-இல் வந்த முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனால் அந்த ஆண்டு வந்தவை அத்தனையிலும் இரண்டு கியர் பவர்கிளைட் ஆட்டோமேட்டிக்தான் இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவுக்கு மேனுவலே கிடையாது. ஃபெராரிகூட 1976-இல் 400 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் பெட்டியை வைத்தது. ஆக, ஆட்டோமேட்டிக் இருப்பதால் ஒரு கார் பழமை குன்றிப்போவதில்லை. சில கார்கள் பிறந்ததே அப்படித்தான்.

சரி, எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயை வீச, அந்த வீச்சில் எதிர்ப்பக்கச் சக்கரம் சுழலும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இது எஞ்சினின் இழுவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தரும். அதனால்தான் மூன்று கியர் மட்டுமே இருந்தும் கனமான செடான் அலுங்காமல் கிளம்புகிறது. ஆனால் இந்த வசதி இலவசமில்லை. ஓடும்போதும் கொஞ்சம் வழுக்கல் இருந்துகொண்டே இருக்கும், அது சூடாகவும் கூடுதல் பெட்ரோல் செலவாகவும் போகும். பெரிய எஞ்சினுக்கு இந்த இழப்பு உறைக்காது. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு நன்றாக உறைக்கும். ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே வண்டி திணறும். ஆறு சிலிண்டர் செடானில் அந்தக் கவலை குறைவு.

மேனுவலிலும் எல்லாம் ஒன்றல்ல. 1960களின் பல வண்டிகளில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் போடும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கித் தரும் அமைப்பு, சுருக்கமாக சின்க்ரோ) இருக்காது. ஜாகுவாரின் ஈ-டைப் கூட 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோதுதான் எல்லா கியருக்கும் சின்க்ரோ உள்ள பெட்டியைப் பெற்றது. சின்க்ரோ இல்லை என்றால், வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் பல் உரசும். முழுதாக நிறுத்திப் போட வேண்டும். இல்லையென்றால் இரட்டைக் கிளட்ச் பழக வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, மறுபடி கிளட்ச் மிதித்து கியர் போடுவது. சில வாரங்களில் கை பழகிவிடும். பழகிய பிறகு அதில் கிடைக்கும் சந்தோஷம் பெரிது; நான் என் சின்ன வண்டியை இன்றும் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் தினமும் நெரிசலில் அதைச் செய்ய வேண்டும் என்றால் யோசியுங்கள்.

நீண்ட தூரம் போவீர்கள் என்றால் மேனுவல் வண்டியில் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. நான்கு கியர் மேனுவலில் நான்காவது, மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் மூன்றாவது, இரண்டுமே வழக்கமாக ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம்தான். பின் அச்சின் விகிதம் 3.9, டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்தால், மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,400 முறை சுற்றும். காது வலிக்கும். லேகாக் ஓவர்டிரைவ் போன்ற ஒன்று சேர்ந்து விகிதம் 0.8-க்கு இறங்கினால், அதே வேகத்தில் சுமார் 2,700 சுற்றுதான். நீங்கள் பார்க்கும் மேனுவலில் வேலை செய்கிற ஓவர்டிரைவ் இருந்தால் தராசு அந்தப் பக்கம் சாயும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி, இரண்டு வண்டியையும் பார்க்கப் போகும்போது என்ன செய்வது என்று சொல்கிறேன். இதில்தான் உங்கள் முடிவு கிடக்கிறது.

ஆட்டோமேட்டிக்கை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகியிருக்கின்றன என்று பொருள். பல நாள் நின்ற வண்டியில் அளவு கோட்டுக்கு மேலே காட்டினால் பயப்பட வேண்டாம், கன்வெர்ட்டரில் இருந்த எண்ணெய் கீழே வடிந்திருக்கும். சரியான அளவைப் பெரும்பாலான பெட்டிகளில் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஓட்டுங்கள். பத்து நிமிடம் போதாது, முக்கால் மணி நேரம். ஆறியிருக்கும்போது எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பெட்டியும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். சூடேறி எண்ணெய் நீர்த்த பிறகுதான் உண்மை வெளியே வரும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நொடியில் எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வண்டி இழுக்காமல் நின்றால், அது தேய்மானம். சூடான நிலையில் ஒரு சின்ன ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகளில் ரிவர்ஸ்தான் முதலில் கை விடும். ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்தினால் ஒரு கியர் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் கேபிளோ சுவிட்சோதான், அதற்காக வண்டியை ஒதுக்காதீர்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்று. என் பெரிய செடானில் ஒரு நாள் புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொத்துக்கொத்தாக வந்தது. பார்த்த மெக்கானிக் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார். எனக்கு மனசே வரவில்லை. குளிர்விக்கும் தண்ணீர் குறையவில்லை, ஆனால் கியர் எண்ணெய் குறைந்திருந்தது. அதை வைத்து யோசித்து, கியர் பெட்டியின் வாக்குவம் மாடுலேட்டரிலிருந்து (எஞ்சினின் உறிஞ்சலை வைத்துக் கியர் மாறுவதைச் சரிசெய்யும் பாகம்) எஞ்சினுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு எண்ணெய். மாடுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்து, எஞ்சின் அந்த வழியாகக் கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பாகத்தை மாற்றியதும் புகை நின்றது. பழைய ஆட்டோமேட்டிக் என்றால் மர்மம் என்று பலர் பயப்படுகிறார்கள். அதன் கெட்ட பெயரில் ஒரு பகுதி இப்படித் தவறாகக் கண்டுபிடிக்கப்பட்ட கோளாறுகளால் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

மேனுவலில் காதுதான் கருவி. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது உறுமல் கேட்டு, கிளட்ச் மிதித்ததும் நின்றுவிட்டால் பெட்டிக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றாலும் அதை மாற்றப் பெட்டியை இறக்க வேண்டியிருக்கும். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் கொஞ்சம் வேகமெடுத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே செலவு காத்திருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது உரசினால் சின்க்ரோ வளையங்கள் போய்விட்டன. குறைந்த வேகத்தில் நான்காம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் சுற்றினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இது மட்டும் என்றால் பரவாயில்லை.

என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். புதியதுதானே மேல் என்று பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள பழைய பெட்டியில் ஜிஎல்-5 வகை எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும், வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கலும் கூடும். அந்த மாடலின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் வேதம். சில மேனுவல் பெட்டிகளுக்கு எஞ்சின் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்.

பழுது வந்தால் எது சுலபம்? மேனுவலைத் திறந்தால் என்ன தேய்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்த மாடலுக்கே உரிய பல்சக்கரம் உடைந்திருந்தால் தேடி அலைய வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் வேலை நுணுக்கமானது, ஆனால் போர்க்-வார்னர் 35, கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட், ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ-400 மாதிரி பல கார்களில் பரவலாக வந்த பெட்டிகளுக்கு சீல்களும் தகடுகளும் இன்றும் செட்டாகக் கிடைக்கின்றன. எனவே நீங்கள் பார்க்கும் வண்டியில் எந்தப் பெட்டி என்று முதலில் தெரிந்துகொண்டு, அதைத் திறந்து பழகிய ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் என் முதல் வரியை மறந்துவிட்டு மேனுவலுக்குப் போங்கள்.

வழியில் நின்றுபோனால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில், பின்பக்கமும் பம்ப் வைத்த சில பழைய பெட்டிகளைத் தவிர, அது நடக்காது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது, பின்சக்கரங்களைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஆட்டோமேட்டிக்கின் முதல் எதிரி சூடு என்பதால், நெரிசலில் ஓட்டுவதாக இருந்தால் எண்ணெய்க்குத் தனியாக ஒரு சின்னக் கூலர் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஆட்டோமேட்டிக்கை வாங்கிப் பின்னால் மேனுவலாக மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெட்டி மட்டும் மாறாது. ஃப்ளைவீல், கிளட்ச், மிதிகள், பெல் ஹவுசிங், தாங்கும் குறுக்குச் சட்டம், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று வரிசையாக வரும். அருகிலேயே மேனுவல் வண்டி ஒன்று விலைக்கு நிற்கும்போது அது தேவையே இல்லை. மறுவிற்பனை மதிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லப்போவதில்லை: ஸ்போர்ட்ஸ் கார்களில் மேனுவலுக்கு மதிப்பு கூடுதல், சொகுசு செடான்களில் அந்த இடைவெளி குறைவு.

கடைசியாக, கிளட்சை மிதிக்க வேண்டிய உங்கள் இடது கால். மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்து நான் வீட்டில் இருந்தபோது, என் சின்ன கியர் வண்டி கிட்டத்தட்ட ஒரு வருடம் போர்வைக்குள்ளேயே கிடந்தது. பிரேக் பிடித்துக்கொண்டது, கிளட்ச் தகடு துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வருடமும் பெரிய ஆட்டோமேட்டிக் வாரம் தவறாமல் ஓடியது. வீட்டில் எல்லோரும் அதை ஓட்டினார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்த வண்டியில் இன்றுவரை பெரிய கோளாறு வரவில்லை. உங்கள் வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளியே எடுப்பீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அதையும் அந்த மேனுவலில் ஓவர்டிரைவ் உண்டா என்பதையும் இங்கே எழுதுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.